அம்மா ஊருக்குப் போயிட்டாங்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண்ணுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஆறு வயது. தொலைந்துபோன பூனையைத் தேடி ஒரு சிறுமி வீடு வீடாகப் போகிற கதை. ஒரு வீட்டு ஜன்னல் வழியே உள்ளே பார்த்தால், ஓர் ஆள் அடுப்பு முன்னால் நின்று தோசை வார்த்துக்கொண்டிருக்கிறார். கதையில் அவருக்கு ஒரு வரிகூடக் கிடையாது. படத்தின் மூலையில் சும்மா நிற்கிறார், அவ்வளவுதான்.

என் பெண் பூனையை விட்டுவிட்டாள். அந்த ஆளின் மேல் விரலை வைத்து, "அப்பா, இந்த அங்கிள் ஏன் தோசை சுடறார்? அவங்க வீட்ல அம்மா ஊருக்குப் போயிட்டாங்களா?" என்றாள்.

புனேயில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது உடனே புரியும். கோடை விடுமுறை விட்டதும் அம்மாவும் பிள்ளைகளும் ரயிலேறிவிடுவார்கள். அப்பா மட்டும் இங்கே குக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். என் ரசத்தை வீடியோ காலில் பார்த்துச் சிரித்தவள் இவள். வீட்டில் ஓர் ஆண் சமைப்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே காரணத்தைச் சொன்னாள். அதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு முகம் இல்லை.

அன்று ராத்திரி அலமாரியில் இருந்த பிள்ளைகள் புத்தகங்களையெல்லாம் கூடத்தில் பரப்பினேன். என் சின்ன வயது பைண்டு செய்த அம்புலிமாமா தொகுதிகளும் அதில் அடக்கம். கதையை விட்டுவிட்டு, படங்களின் மூலைகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். யார் எங்கே நிற்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது என்று. அப்புறம் அந்தப் புத்தகங்கள் வந்த காலத்தைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்புலிமாமாவிலிருந்தே தொடங்கலாம். சக்ரபாணியும் நாகிரெட்டியும் 1947 ஜூலையில் சென்னையில் ஆரம்பித்தது. முதலில் தெலுங்கு, தமிழ். பிறகு ஒவ்வொரு மொழியாகச் சேர்ந்து ஒரு டஜனுக்குப் போனது. மராட்டியில் அதற்குப் பெயர் 'சாந்தோபா'. என்னோடு வேலை பார்க்கும் மூத்த மராட்டிக்காரர் ஒருவரிடம் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கும் படத்தைக் காட்டினேன். "இது எங்க சாந்தோபா படம் ஆச்சே!" என்று கையிலிருந்து பிடுங்காத குறைதான். இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்து வளர்ந்திருக்கிறோம். எழுத்து மட்டும்தான் வேறு வேறு. அந்தப் படத்தை வரைந்த சங்கர் (கே.சி. சிவசங்கரன்) 2020-ல் 97-ஆவது வயதில் காலமானார். பத்திரிகை அதற்கு முன்பே, 2013-ல் நின்றுவிட்டது.

அந்தப் படங்களில் பெண்கள் இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கிறார்கள். இளவரசி, ராணி, சூனியக்காரி, மாற்றாந்தாய், சமயோசிதமான மருமகள். வேதாளம் கேட்கிற கேள்விகளில் பாதி, 'அந்தப் பெண் யாருக்கு உரியவள்' என்கிற வகை. அவள் பரிசு, வழக்கு ஆண்களுக்கு நடுவில். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். ராஜா ராணி காலத்துக் கதை என்பதால் அதில் வருகிற அம்மாவை நான் என் அம்மாவோடு ஒப்பிட்டுப் பார்த்ததே கிடையாது. ஒட்டியாணமும் வங்கியும் போட்டவளை எந்த வீட்டில் பார்த்தோம்?

இன்றைய வீடு, இன்றைய அம்மா என்று படம் வரையத் தொடங்கியபோதுதான் விஷயம் மாறுகிறது.

1957-ல் டெல்லியில் இரண்டு காரியங்கள் நடந்தன. கார்ட்டூனிஸ்ட் சங்கர் (இவர் வேறு சங்கர், கேசவ சங்கர பிள்ளை) சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டைத் தொடங்கினார். அதே வருஷம் நேஷனல் புக் டிரஸ்டை அரசாங்கம் அமைத்தது. சொந்த மண்ணின் பிள்ளைகளுக்குச் சொந்தப் புத்தகம், எல்லாரும் வாங்குகிற விலையில் என்பது நோக்கம். பிறகு வந்த 'நேரு பால் புஸ்தகாலயா' வரிசைப் புத்தகங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். மெல்லிசான அட்டை, வழவழ தாள், எத்தனையோ மொழிகளில். கலர்ப் படம் அச்சடிப்பது அன்று பெரிய செலவு. ஒரே படங்களை எல்லா மொழிக்கும் வைத்துக்கொண்டு எழுத்தை மாற்றினால்தான் கட்டுப்படியாகும். அம்புலிமாமா செய்த அதே கணக்கு.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது என்பது என் எண்ணம். தஞ்சாவூர்ப் பிள்ளையும் லூதியானா பிள்ளையும் ஒரே படத்தைப் பார்த்து 'இது அம்மா' என்று சொல்லவேண்டும். அதனால் படத்தில் வருகிற அம்மா எந்த ஊர்க்காரியாகவும் இருக்கக்கூடாது. உடையில், முகத்தில், கொண்டையில் இருக்கும் ஊர் அடையாளத்தையெல்லாம் கழித்துவிட்டால் கையில் மிச்சம் என்ன? புடவை, பொட்டு, அடுப்பு. அதேபோல அப்பாவுக்கு மிச்சம் நாற்காலியும் செய்தித்தாளும். தமிழ்ப் புத்தகத்தில்கூட அம்மா சப்பாத்திக் கட்டையோடு உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் எனக்கு அது வியப்பாக இருந்தது, எங்கள் வீட்டில் சப்பாத்தி வாரத்துக்கு ஒரு நாள் கூடக் கிடையாது. அவள் அடுப்படியில் இருந்ததைப் பற்றி எனக்கு எந்த வியப்பும் இல்லை.

1967-ல் பம்பாயில் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை வேறு வழியில் போனது. சாவித்திரி, சகுந்தலை, பத்மினி, கண்ணகி, மீராபாய் என்று பெண் பெயரோடு அட்டைகள் வந்தன. ஜான்சி ராணி, அகல்யாபாய் ஹோல்கர் என்று வாளெடுத்தவர்களும் ஆண்டவர்களும் வந்தார்கள். அதைக் குறைத்துச் சொல்லமுடியாது. ஆனால் வரிசையில் வைத்துப் பார்த்தால், கணவனுக்காகவோ மானத்துக்காகவோ எதையாவது தியாகம் செய்தவர்களுக்கே அட்டையில் இடம் சுலபமாகக் கிடைத்திருக்கிறது. 1980-ல் அதே கூடாரத்திலிருந்து வந்த 'டிங்கிள்' இதழை எடுத்துக்கொள்ளுங்கள். சுப்பாண்டி (நம் நாட்டுப்புறக் கதையிலிருந்து போனவன்தான்), ஷிகாரி ஷம்பு, மந்திரி தந்திரி, காக்கா காலியா. நட்சத்திரங்கள் அத்தனை பேரும் ஆண்கள். முட்டாளாக இருப்பதற்குக்கூட ஒரு பெண்ணை விடவில்லை! மிசோரத்துச் சிறுமி ஒருத்தி 'விங்ஸ்டார்' என்ற சூப்பர் ஹீரோவாக அதில் பறக்க ஆரம்பித்தது 2015-ல்.

காக்கா காலியா என்றதும் ஞாபகம் வருகிறது. மிருகங்கள் ஏன் ஆண்கள்? 1972-ல் லெனோர் வைட்ஸ்மனும் அவரோடு வேலை செய்தவர்களும், அமெரிக்காவில் கால்டிகாட் பரிசு பெற்ற படப்புத்தகங்களை எண்ணிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சமீபத்திய ஐந்து வருஷப் பரிசுப் புத்தகங்களில் ஒரு பெண் படத்துக்குப் பதினோரு ஆண் படங்கள். மிருகங்களில் 95-க்கு ஒன்று. வேலைக்குப் போகிற பெண் ஒருத்திகூட இல்லை. 2011-ல் வேறொரு குழு, 20-ஆம் நூற்றாண்டு முழுவதிலிருந்தும் 5,618 புத்தகங்களை எடுத்துப் பார்த்தது. மனிதப் பிள்ளைகளில் இடைவெளி குறைந்திருந்தது. மிருகங்கள் மட்டும் பிடிவாதமாக ஆண்களாகவே இருந்தன.

இந்தியில் இது இன்னும் வேடிக்கை. அங்கே ஒவ்வொரு பெயருக்கும் பால் உண்டு. சிங்கம், யானை, கரடி, குரங்கு எல்லாம் ஆண். எறும்பு, அணில், பட்டாம்பூச்சி, மீன், சின்னக் குருவி எல்லாம் பெண். (எலியும் முயலும் ஆண் என்பதால் இதை முழு விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) இங்கே பள்ளியில் இந்தி படிக்கிற நம் பிள்ளைகள் பெரியது ஆண், குட்டியானது பெண் என்று இலக்கணத்தோடு சேர்த்தே விழுங்குகிறார்கள். தமிழில் நமக்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது. 'சிங்கம் சொல்லிச்சாம், முயல் கேட்டுச்சாம்' என்று பாட்டிகள் சொன்ன கதையில் யாரும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லும்போது நான்தான் 'அவன் வந்தான்' என்று மாற்றிவிடுகிறேன். கவனித்துப் பாருங்கள், நீங்களும் செய்வீர்கள்.

நிற்க. நம் நாட்டில் இதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1979-லேயே நரேந்திர நாத் காலியா, இந்தி, ஆங்கிலப் பாடநூல்களை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் பொய்கள் என்கிற பொருளில் தலைப்பு. 1986 தேசியக் கல்விக் கொள்கை, பெண்களின் சமத்துவத்துக்காகப் பாடநூல்களையே திருத்தி அமைக்கவேண்டும் என்றது. ஆனால் படங்களில் அதைப் பிள்ளைகள் முதலில் பார்த்தது 'மீனா' மூலமாகத்தான் என்று நினைக்கிறேன். 1990-களில் யூனிசெஃப் தெற்காசியாவுக்காக உருவாக்கிய சிறுமி. பம்பாய் அனிமேஷன் கலைஞர் ராம் மோகன் அவளுக்கு உருவம் கொடுத்தார். இங்கும் அதே பழைய பிரச்சினை: இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் எல்லாருக்கும் தங்கள் பெண்ணாகத் தெரியவேண்டும். அதனால் எந்த நாட்டுக்கும் ஒட்டாத ஒரு நீளப் பாவாடை. ஆனால் இந்த முறை, பொது அடையாளம் என்பதற்காக அவளை அடுப்படியில் உட்காரவைக்கவில்லை.

அதில் மாம்பழக் கதை ஒன்று. மரமேறிப் பழம் பறித்தவள் மீனா. பெரிய துண்டு தம்பி ராஜுவுக்கு, அவன் ஆண் என்பதால். சரி, ஒரு நாள் என் வேலையை அவன் செய்யட்டும், அவன் வேலையை நான் செய்கிறேன் என்று மாற்றிக்கொள்கிறார்கள். சாயங்காலத்துக்குள் ராஜுவுக்கு நாக்கு தள்ளிவிடுகிறது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் மீனா அல்ல, ராஜுதான். வீட்டு வேலையின் கனம் ஒரு பையனின் தோளில் ஏறியதைப் படமாகப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. இதே திசையில் கமலா பாசினும் (2021-ல் மறைந்தார்) வீட்டு வேலை எல்லாருக்கும் உரிய வேலை என்று பிள்ளைகளுக்கான பாட்டுகள் எழுதியிருக்கிறார். தன் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது கிடைத்த மழலைப் பாட்டுகள் பிடிக்காமல், தானே எழுத உட்கார்ந்தவர்.

அதன் பிறகு சிறுமிகளுக்கு நல்ல காலம். 1994-ல் தாரா, 1996-ல் துளிகா (இரண்டும் சென்னை), 2004-ல் பிரதம் புக்ஸ் என்று பதிப்பகங்கள் வந்தன. வெளி மாநிலத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் துளிகாவின் இருமொழிப் புத்தகங்களை ஊரிலிருந்து வாங்கிவரச் சொல்லிக் காத்திருந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். 2003-ல் துளிகாவில் வந்த மகாஸ்வேதா தேவியின் கதையில், ஆடு மேய்க்கும் ஆதிவாசிச் சிறுமி மொய்னா எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்கிறாள். நான் ஏன் அவ்வளவு தூரம் போய்த் தண்ணீர் சுமக்கவேண்டும்? நான் ஏன் அவர்கள் மிச்சம் வைத்ததைச் சாப்பிடவேண்டும்? தாரா வெளியிட்ட இன்னொரு புத்தகத்தில், வீட்டு வேலை செய்து பிழைத்த துலாரி தேவி தான் மிதிலை ஓவியரான கதையைத் தன் படங்களாலேயே சொல்கிறார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2006-லிருந்து வந்த என்.சி.இ.ஆர்.டி.யின் சூழலியல் பாடப் புத்தகங்களில் கடற்படை மருத்துவர் வஹீதா இருந்தார், மும்பை நாக்பாடாவில் கூடைப்பந்து ஆடிய சிறுமிகள் இருந்தார்கள். 2024-லிருந்து புதிய புத்தகங்கள் வந்து அந்த வரிசை ஒவ்வொரு வகுப்பாக விடைபெற்றது.

ஆக, கூடத்தில் பரப்பிய புத்தகங்களைக் கால வரிசையில் வைத்தால் சிறுமி வீட்டை விட்டு வெளியே போய்க்கொண்டே இருக்கிறாள். மரம் ஏறுகிறாள், விமானம் ஓட்டுகிறாள். ஆனால் அவள் வெளியே போன வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால், அடுப்படியில் அதே அம்மா. கதையை மாற்றிவிட்டார்கள், மூலையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பெண் பிள்ளையை அவள் இருந்த இடத்திலிருந்து எழுப்பியாயிற்று. காலியான இடத்துக்கு ஆண் பிள்ளையை யாரும் கூப்பிடவில்லை.

காரணம் புத்தகம் வாங்குகிற நாம்தான் என்பது என் கட்சி. தைரியமான பெண்ணின் கதை என்றால் சந்தோஷமாக வாங்குவோம். சாதுவான பையனின் கதை? 2013-ல் ரிச்சா ஜா எழுதிய ஒரு படக்கதையில் ககன் என்று ஒரு பையன் வருகிறான். எறும்பைக்கூட நோகடிக்காதவன், அதனாலேயே கேலிக்கு ஆளாகிறவன். அந்த மாதிரிப் புத்தகத்தை ஒரு நண்பரின் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பீர்களா? நான் கடையில் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டால் என்று. பிறகு டைனோசர் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

இதில் இன்னொரு விசித்திரம். ஆண் சமைப்பது நமக்குப் புதிதே இல்லை. நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். கல்யாணச் சமையலுக்கு ஆண்கள், ஹோட்டல் அடுப்பில் ஆண்கள். கூலி உண்டென்றால் கரண்டி ஆண் கையில், இல்லையென்றால் பெண் கையில். வீட்டு அடுப்படியில் ஆண்களைக் கற்பனை செய்ததுகூடப் பழைய சமாசாரம்தான். ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையில் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருந்து சமைத்துக் குழந்தை பார்த்துக்கொள்கிறார்கள். அது 1905-ல் வெளிவந்தது, சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய பத்திரிகையில்.

அங்கிருந்து ஒரு பாடப் புத்தகத்தின் மூலைக்கு வந்து சேர 114 வருஷம் ஆகியிருக்கிறது. எங்கள் புனேயில், சேனாபதி பாபட் சாலையில் இருக்கும் 'பால்பாரதி'தான் மகாராஷ்டிர அரசுக்குப் பாடநூல் தயாரிக்கிறது. 2019-ல் அவர்கள் வெளியிட்ட இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள். பெண் டாக்டர், பெண் போக்குவரத்துப் போலீஸ், ஆண் சமையல்காரர் படங்களும் இருந்தன. செய்தித்தாள்களில் வந்தது என்னவோ கீரைப் படம்தான். 2024 ஜூனில் கேரளம். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படம். கல்வி அமைச்சரே அதைப் பகிர, நாடு முழுக்கச் செய்தியானது. ஒரு மனிதர் தன் வீட்டில் தேங்காய் துருவியது 2024-ல் தலைப்புச் செய்தி!

அந்தப் படத்தைப் போனில் எடுத்து என் பெண்ணிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த அப்பாவுக்குத் துருவத் தெரியுது" என்றாள். எனக்குத் தெரியாது என்பது அதில் அடக்கம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தோசைக்கல்லைப் போட்டேன். முதல் தோசை ஒட்டிக்கொண்டு கிழிந்தது, இரண்டாவது பரவாயில்லை. பெண் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து வாசலில் நின்று பார்த்தாள். உள்ளறையில் அவள் அம்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்ததையும் எட்டிப் பார்த்தாள். ஊருக்குப் போகவில்லை என்று உறுதியானதும் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய பிள்ளைகள் புத்தகங்கள் இருக்கும். ஒருநாள் எடுத்து மூலைகளை மட்டும் பாருங்கள். அடுப்படியில் அப்பா நிற்கிற படம், 2000-க்கு முன்னால் வந்த எந்தப் புத்தகத்திலாவது கிடைத்தால், எந்த மொழியாக இருந்தாலும் சரி, எனக்குச் சொல்லுங்கள்.